பட்டனை அழுத்தியும் எழாத பழைய கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி - பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய டெஸ்க்டாப் பற்றியவை. பலர் "ஆன் ஆகவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஃபேன் சுற்றுகிறதா, லைட் எரிகிறதா, பீப் சத்தம் வருகிறதா, திரையில் எழுத்து வந்தபின் நிற்கிறதா என்பதையும் எழுதுங்கள். மெஷின் எந்த இடம்வரை வந்து நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது என்று சொல்ல முடியும்.

கேள்வி: எங்கள் உரக்கடையில் 2011-ல் வாங்கிய கம்ப்யூட்டர். முந்தின நாள் சாயங்காலம்வரை நன்றாக ஓடியது. ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேனும் சுற்றவில்லை, லைட்டும் எரியவில்லை. பார்க்க வந்தவர் "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், பாலக்கோடு)

மீட்டர் வைத்துப் பார்க்காமல் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய சர்க்யூட் அட்டை) போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய டி.சி.யாக மாற்றித்தரும் பெட்டி மீது. அதற்குள் ஸ்டாண்ட்பை சர்க்யூட் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்துவதை மதர்போர்டு உணர்வதே அந்த 5 வோல்ட்டில்தான். அதிலுள்ள சின்ன கெபாசிட்டர் வருடக்கணக்கில் சூட்டிலேயே இருந்து வற்றிப்போகும். கரண்ட் இருக்கும்வரை எப்படியோ ஓடும். ஒரு ராத்திரி முழுக்க ஆறிவிட்டால் மறுபடி கிளம்பாது. நேற்றுவரை ஓடியது இன்று காலையில் செத்துக் கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கரண்ட் திரும்பி வரும்போது பாயும் அதிக வோல்டேஜும் அதே பாகத்தைத்தான் பதம் பார்க்கும்.

கேபினட்டைத் திறப்பதற்கு முன், யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துவிட்டு பவர் கேபிளை நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். சின்ன யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.ஹெச். பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. பேட்டரி செத்தால் கரண்ட் இருந்தாலும் சில யு.பி.எஸ்.கள் ஆன் ஆகாது. மானிட்டரின் பவர் கேபிளும் அதே மாதிரிதான் இருக்கும், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பின்பக்க ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, முன் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சொருகுங்கள். வோல்டேஜ் ஏறியதில் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபட்டுவிடும்.

அப்படியும் எழவில்லை என்றால் கேபினட்டைத் திறந்து, பிளக்கை மாட்டிய நிலையில், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கனெக்டரின் பின்பக்கம் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கருப்பு ஒயருக்கும் ஊதா ஒயருக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75-லிருந்து 5.25-க்குள் இருக்க வேண்டும். இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.தான் கோளாறு, வேறெதையும் தோண்ட வேண்டாம். ஊதா சரியாக இருந்தால் அடுத்தது பேப்பர் கிளிப் சோதனை. பிளக்கைக் கழற்றுங்கள், 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து எடுங்கள், பச்சை ஒயர் ஓட்டையையும் அதன் பக்கத்துக் கருப்பு ஒயர் ஓட்டையையும் வளைத்த கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன்பிறகு பிளக்கை மாட்டுங்கள். டி.வி.டி. டிரைவ் ஒன்றை மட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டி வையுங்கள், சில பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் சுமை இல்லாமல் கிளம்பாது. ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும்: மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47. இந்த எல்லைக்கு வெளியே போனால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த எஸ்.எம்.பி.எஸ். பயன்படாது. எல்லா ஒயரும் கருப்பாக இருந்தாலோ, 24 பின்னே இல்லாத பிராண்டட் மெஷினாக இருந்தாலோ இந்தச் சோதனையைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது, பிளக்கைக் கழற்றி, கிளிப்பை எடுத்து, 24 பின்னை மறுபடி மாட்டியும் மெஷின்தான் எழவில்லை என்றால் முன் பட்டனைச் சந்தேகப்படுங்கள். உரக்கடைத் தூசியில் பட்டன் உள்ளே இறுகிப்போவது சகஜம். மதர்போர்டின் மூலையில் பவர் ஸ்விட்ச் என்று எழுதியிருக்கும் இரட்டை ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு விடுங்கள். மெஷின் எழுந்தால் பட்டன்தான் குற்றவாளி. ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து அந்தப் பின்னில் மாட்டிவிட்டால் ரீசெட் பட்டனே பவர் பட்டனாகிவிடும், ஒரு பைசா செலவில்லை.

ஃபேன் ஒரு வினாடி அசைந்து நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஷார்ட். பென் டிரைவை முரட்டுத்தனமாகச் சொருகி முன்பக்க யு.எஸ்.பி. போர்ட்டின் பின்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முதலில் அந்த ஒயரைக் கழற்றுங்கள். பிறகு ஹார்டு டிஸ்க், டி.வி.டி., கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். எதை எடுத்ததும் ஓடுகிறதோ அதில்தான் ஷார்ட். இத்தனையும் தாண்டி நின்றால்தான் மதர்போர்டு பற்றிப் பேச்சு.

எஸ்.எம்.பி.எஸ். புதிதாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழையதைத் திறந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டர்களில் 325 வோல்ட் டி.சி. நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கேள்வி: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, பச்சை லைட்டும் எரிகிறது. ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்து கருப்பாகிவிடுகிறது. மானிட்டர் வேறு கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, பர்கூர்)

கேபினட்டின் பின்பக்கம் மானிட்டர் கேபிள் மாட்டும் இடம் இரண்டு இருந்தால், கிராபிக்ஸ் கார்டில் இருப்பதில்தான் மாட்ட வேண்டும். பெரும்பாலான பழைய மெஷின்களில் கார்டு இருந்தால் மதர்போர்டின் போர்ட் தானாக அணைந்துவிடும். இது சரி என்றால் அடுத்தது ராம், அதாவது மதர்போர்டில் நிற்கவைத்துச் சொருகியிருக்கும் நீளமான மெமரி அட்டை. பத்து மெஷினில் 'டிஸ்ப்ளே வரலை' என்றால் அதில் ஐந்தாறாவது ராம் தொடர்பு விட்டதாகத்தான் இருக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ராமின் இரு பக்கக் கொக்கியையும் விலக்கினால் அது மேலே எழும். தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, ரப்பர் துகளைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி இதே கதைதான். ஸ்லாட்டையும் அதே பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். கிரானைட் பட்டறைகள் இருக்கும் பக்கம் என்றால் மாவு மாதிரித் தூசி ஸ்லாட்டுக்குள் இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தொடர்பைக் கெடுக்கும். திரும்பப் போடும்போது ராமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு வேறு ஸ்லாட்டில்.

புது ராம் வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 பின்தான், நீளமும் ஒன்றே. ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, முன்னது 1.8 வோல்ட், பின்னது 1.5. சேரவில்லை என்றால் பலவந்தமாக அழுத்தினால் ஸ்லாட் உடைந்துவிடும்.

ராம் மாற்றியும் பலனில்லையா? எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்து காதைக் கொடுங்கள். நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தாலோ, மூன்று பீப் வந்து நின்றாலோ சந்தோஷப்படலாம்: மதர்போர்டும் பிராசசரும் உயிரோடு இருந்து "ராம் எங்கே" என்று கேட்கின்றன. சத்தமே இல்லை என்றால் கோளாறு இன்னும் கீழே, பிராசசர், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். மூன்றில் ஒன்று. இந்தச் சோதனைக்கு மதர்போர்டில் ஸ்பீக்கர் இருந்தாக வேண்டும். பல கேபினட்டில் இருக்காது. பொத்தான் அளவு பஸ்ஸர் ஒன்றை வாங்கி ஸ்பீக்கர் என்று எழுதிய 4 பின்னில் மாட்டினால் போதும். ராம் போட்ட பிறகு ஒரு நீளம் இரண்டு குட்டை என்று பீப் வந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், அல்லது எடுத்துவிட்டு மதர்போர்டு போர்ட்டில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள். பீப் கணக்கு பயாஸ் (ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், மதர்போர்டின் மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிராசசர் பக்கத்தில் மஞ்சள், கருப்பு ஒயர் வரும் 4 பின் கனெக்டர் ஒன்று இருக்கும். அதை மாட்ட மறந்தால் ஃபேன் எல்லாம் அழகாகச் சுற்றும், பிராசசருக்கு மட்டும் கரண்ட் போகாது. சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் திரும்பப் போடும்போது விட்டுவிடும் கனெக்டர் இதுதான்.

அங்கேயே வரிசையாக நிற்கும் உருளைக் கெபாசிட்டர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, தலையின் கீறலில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் நோய். 2000-க்குப் பிந்தைய ஏழெட்டு வருடங்களில் வந்த பல போர்டுகளில் தரமில்லாத கெபாசிட்டர்கள் இருந்தன. டி.வி. மெக்கானிக்கே மாற்றிவிடலாம், ஆனால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) வகைதான் போட வேண்டும். சாதா கெபாசிட்டர் போட்டால் சில வாரத்தில் மறுபடி உப்பும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: போர்டில் வெள்ளை அடித்த பக்கம் எல்லாக் கம்பெனியிலும் மைனஸ் இல்லை.

2004-க்குப் பின் வந்த இன்டெல் போர்டுகளில் பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. பிராசசரைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு பின் வளைந்தால் போர்டே போனது.

கேள்வி: மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர். ஆன் ஆகிறது, ஐந்து பத்து நிமிடத்தில் பட்டென்று அணைகிறது. உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது. (வாசகர், கிருஷ்ணகிரி)

உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பிராசசர் சூடாகி, எரிந்துபோகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துவிடுகிறது. ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனால் 'பி.சி. ஹெல்த்' அல்லது 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற பக்கத்தில் பிராசசர் வெப்பம் தெரியும். 40-லிருந்து 55 டிகிரிக்குள் நின்றால் சரி. கண்ணெதிரே 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள்.

ஃபேனுக்கு அடியில் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். வெளியே கொண்டுபோய் ப்ளோயரால் ஊதுங்கள், ஃபேன் இறக்கையைக் குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். அதோடு பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள், பத்து வருடப் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். இன்டெல் கூலரின் நான்கு கால்களையும் மேலே போட்டிருக்கும் அம்புக்குறியின் திசையில் கால் சுற்று திருப்பித் தூக்கினால் கழன்றுவிடும். பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் ஒரு பச்சைப்பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அப்பத் தேவையில்லை, கூலர் அழுத்தத்தில் தானே பரவும். கால்களை எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நான்கும் 'டக்' என்றதா என்று மதர்போர்டின் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கால் பொருந்தாமல் இருந்தால் ஐந்து நிமிடம் கூடத் தாங்காது, பத்து வினாடியில் அணையும்.

வெப்பம் சரியாக இருந்தும் அணைகிறது என்றால், மண்டியில் மோட்டார் ஓடும்போதுதான் அணைகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் லோ வோல்டேஜ். கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. எந்த வெப்சைட்டும் திறக்கமாட்டேன் என்கிறது. (ஜெராக்ஸ் கடை, ஊத்தங்கரை)

மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தெரியும், பிரவுசர் தடுத்துவிடும். சி.ஆர்.2032 என்று கேட்டு வாங்குங்கள், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 தடிமன். 2025 கொடுத்தால் வாங்காதீர்கள், மெல்லியது, ஆடும். ப்ளஸ் பக்கம் மேலே.

பேட்டரி போட்டதும் பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டு சாட்டா மோடையும் (ஹார்டு டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை; ஏ.ஹெச்.சி.ஐ., ஐ.டி.இ. என்று இருக்கும்) பாருங்கள். ஏ.ஹெச்.சி.ஐ.-யில் விண்டோஸ் போட்டிருந்த மெஷின் ஐ.டி.இ.-க்கு மாறியிருந்தால் நீலத்திரை வந்து, கடைசியில் 7பி என்று முடியும் எண் தெரியும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மோடைப் பழையபடி மாற்றினால் எழுந்துவிடும். கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தீர்ந்ததாக இருந்தாலும் விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று வருகிறது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். உள்ளே குடும்பப் போட்டோ எல்லாம் இருக்கிறது. (வாசகி, அரூர்)

டிக் சத்தம் இல்லாமல் அந்த எழுத்து மட்டும் வந்திருந்தால், மாட்டிய பென் டிரைவை எடுங்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள் என்று சொல்லியிருப்போம். சத்தம் வருகிறது என்பதால், முதலில் ஆன் செய்வதை நிறுத்துங்கள். தகவலைப் படிக்கும் ஹெட் தடுமாறுகிறது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்கள், செக் டிஸ்க் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். போட்டோக்கள் வேண்டும் என்றால் டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்கு நேராகக் கொண்டு போங்கள்.

சத்தம் இல்லாத, பயாஸில் பெயர் காட்டும் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு: சாட்டா-யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முக்கியமானதை முதலில் காப்பி எடுங்கள். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், ஆகவே தனி பவர் அடாப்டரோடு வருவதாக இருக்க வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன ஒயர் வேலைக்காகாது.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் போகவில்லை. (வாசகர், தேன்கனிக்கோட்டை)

மாற்றியும் போகாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்ன கெபாசிட்டர் இருக்கிறது, இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இல்லாத வீட்டில் போக வழியின்றி, பாடியில் ஏறக்குறைய 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது, ஆனால் அந்த நிலையில் பிரிண்டர், மானிட்டர் கேபிளை மாட்டினால் போர்ட் போய்விடலாம்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கட்டை, எர்த் ஒயர் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். அப்புறமும் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கள். 230 பக்கம் வர வேண்டும். உங்கள் பக்கம் பாறை நிலம், எர்த் குழி ஆழம் போதாமல் கோடையில் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டால் தற்காலிகமாகச் சரியாகும். அளவு சரியாக இருந்தும் சுர்ரென்றால் உண்மையான லீக்கேஜ் இருக்கலாம், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை மெஷினைத் தொட வேண்டாம்.

கேள்வி: 2008 மாடல். எவ்வளவு வரை செலவழிக்கலாம்? (வாசகர், ஓசூர்)

எஸ்.எம்.பி.எஸ்., பேஸ்ட், பேட்டரி என்றால் தயங்காமல் செய்யுங்கள். மதர்போர்டு என்றால் செய்யாதீர்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய போர்டு தேடினால் கிடைக்கும், ஆனால் அதுவும் உங்கள் போர்டின் வயதுதான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும் விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைப் பிராசசரிலிருந்துதான் எடுக்கும். தட்டச்சு, பிள்ளைகள் படிப்பு என்றால் ராமை 4 ஜி.பி. ஆக்கி, ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லைட்டான லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளான டேலி மட்டும்தான் வேலை என்றால் அந்தக் காசைப் புது மெஷினுக்குச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: 'பட்' என்று சத்தம், கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் செத்த பல்லி. சுத்தம் செய்து போடலாமா? (வாசகர், பென்னாகரம்)

கூடாது. பல்லி ஷார்ட் ஆனால் ஃபியூஸோடு டிரான்சிஸ்டர்களும் போயிருக்கும். புதிது வாங்கும்போது பின்பக்கச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-ல் இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன் பாருங்கள். 115-ல் இருந்தால் இதே சத்தம் புதிதிலும் கேட்கும். மாட்டுமுன் 24 பின் கழன்ற நிலையில், மேலே பாலக்கோடு வாசகருக்குச் சொன்ன கிளிப் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கேபினட்டின் பின்பக்கம் கார்டு இல்லாத இடங்களில் தகடு போய்த் திறந்து கிடக்கும், பல்லி வருவது அந்த வழியாகத்தான். பழைய கேபினட்டிலிருந்து தகடு எடுத்துத் திருகிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். காற்றோட்டத் துளைகளை மட்டும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள்.